ஆசிரியருக்கும் ஒரு வழித்துணை வேண்டும்

(விழிப்புலனற்ற பிள்ளைகளின் கல்வி குறித்துக் கிராமப் பொதுக்கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)





இத்தகைய மேடைகளில் ஏறும்போதெல்லாம் காணியைப் பற்றியும், மொழியைப் பற்றியும், ஆட்சியுரிமையைப் பற்றியும் பேசுவதே என் வழக்கம். இன்றும் அதையே எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். ஆனால் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. கண்பார்வை அற்ற, அல்லது பார்வை குன்றிய நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் புதிதாகச் செல்லும் ஆசிரியரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "இதுவும் அரசியலா?" என்று சிலர் கேட்கக்கூடும். நான் சொல்வதை முழுவதும் கேளுங்கள். பின்னர் நீங்களே தீர்ப்புக் கூறுங்கள்.

பரிசளிப்பு விழாவில் நான் கண்டது

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கிராமப் பாடசாலையின் பரிசளிப்பு விழாவுக்கு என்னை அழைத்திருந்தார்கள். அங்கே பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் மேடைக்கு வந்தான். பிறவியிலேயே பார்வை இல்லாதவன். திருக்குறளில் ஓர் அதிகாரத்தின் பத்துக் குறள்களையும் பொருளோடு, ஒரு சொல்லும் தடுக்காமல் கூறினான். சபை கைதட்டி ஆரவாரித்தது. நானும் மகிழ்ந்து அவனை அருகில் அழைத்து, "தம்பி, உமது பெயரைப் புள்ளியெழுத்தில் எழுதித் தருவீரா? என் மேசையில் வைத்துக்கொள்கிறேன்" என்று கேட்டேன்.

பிள்ளை பேசாமல் நின்றான். பிறகு மெல்ல, "எழுதப் பழகவில்லை, ஐயா" என்றான்.

பக்கத்தில் நின்ற இளம் ஆசிரியை தலையைக் குனிந்துகொண்டார். விழா முடிந்ததும் அவரே என்னைத் தேடி வந்து சொன்னார்: "ஐயா, பயிற்சியின்போது பிறெயில் எழுத்துகளைப் படித்தேன். இங்கு வந்த பின்னர் நான் குத்தும் எழுத்துச் சரியோ, பிழையோ என்று பார்த்துச் சொல்ல ஒருவரும் இல்லை. பிழையாகப் படிப்பித்துவிடுவேனோ என்ற பயத்தில், வாசித்துக் காட்டுவதோடு நிறுத்திக்கொண்டேன். பிள்ளை கெட்டிக்காரன். கேட்டதையெல்லாம் மனத்தில் பதித்துக்கொள்கிறான். அதனால் ஒருவரும் குறை கண்டுபிடிக்கவில்லை."

பெரியோர்களே, அந்த ஆசிரியையிடம் சோம்பல் இல்லை, அன்புக்கும் குறைவில்லை. அவர் தம் பிழையைத் தாமே ஒப்புக்கொள்ளும் நேர்மை உடையவர். அவருக்கு இல்லாமற் போனது ஒன்றே: பக்கத்தில் இருந்து திருத்தித் தர ஒரு மூத்த ஆசிரியர்.

காதால் மட்டும் கற்ற தமிழ்

"கேட்டுப் படிக்கிறான் அல்லவா, அது போதாதா? இந்தக் காலத்தில் கைத்தொலைபேசியே நூலை வாசித்துக் காட்டுகிறதே" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு மறுமொழி நம் மொழியிலேயே இருக்கிறது.

தந்நகரம், றன்னகரம், டண்ணகரம் என்று மூன்று எழுத்து வைத்திருக்கிறோம். லகரம், ளகரம், ழகரம் என்று வேறு மூன்று. நம் நாவிலே இவை எல்லா வேளையும் வேறுபட்டு ஒலிப்பதில்லை. ழகரம் எத்தனை வீடுகளில் ளகரமாகவே ஒலிக்கிறது! பார்வையுள்ள பிள்ளை ஆயிரம் முறை அச்சிலே கண்டு இவற்றைப் பிரித்தறிகிறது. பார்வையற்ற பிள்ளை விரலால் வாசித்தால்தான் பிரித்தறியும். காதால் மட்டும் கற்ற பிள்ளைக்கு வாழை எந்த எழுத்தில், வாளை எந்த எழுத்தில் என்பது தெரியாமலே போகும். குறள் சொல்லும் பிள்ளை, எழுத்தறியாத பிள்ளையாகவே வளரும். கணக்கிலோ நிலைமை இன்னும் கடினம். நீண்ட ஒரு கணக்கின் ஒவ்வொரு வரியையும் மனத்திலேயே தாங்கிக்கொண்டு செய்ய யாரால் முடியும்?

பிரான்சு தேசத்தில் மூன்று வயதில் விபத்தால் பார்வை இழக்கத் தொடங்கிய லூயி பிறெயில், 1824இல், தம் பதினைந்தாம் வயதில், ஆறு புள்ளிகளைக் கொண்டு இந்த எழுத்து முறையை வகுத்தார். அவர் படித்து, பின்னர் ஆசிரியராகவும் கடமையாற்றிய பாடசாலையே அதனை முறையாக ஏற்றுக்கொண்டது 1854இல்; அவர் இறந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர். இடைப்பட்ட காலத்தில் அந்த எழுத்தை உயிரோடு வைத்திருந்தவர்கள், ஒருவர்க்கு ஒருவர் கற்றுக்கொடுத்த மாணவர்களே. 1951இல் பெய்ரூத் நகரில் யுனெஸ்கோ கூட்டிய மாநாட்டின் வழியாக, நம் பகுதி மொழிகளுக்கெல்லாம் ஒரே அடிப்படையில் அமைந்த பிறெயில் முறை உறுதிப்பட்டது. தமிழ்ப் பிறெயிலும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

அதைக் கற்பிப்பது எளிதென்று எண்ணிவிடாதீர்கள். 'அம்மா' என்ற சொல்லுக்கு அச்சில் மூன்று எழுத்து. பிறெயிலில் ஐந்து கட்டம்: அகரம் ஒன்று, புள்ளிக் குறி ஒன்று, மகரம் இரண்டு, ஆகாரம் ஒன்று. அச்சிலே மெய்யின் தலைமேல் இருக்கும் புள்ளி, பிறெயிலில் மெய்க்கு முன்னால் வந்து நிற்கும். 'கொ' என்பதற்கு அச்சிலே ககரத்தின் இருபுறமும் குறி இடுகிறோம்; பிறெயிலிலோ ககரத்தை எழுதி, அதன் பின் ஒகரத்தை எழுத வேண்டும். சட்டமும் குத்தூசியும் கொண்டு எழுதும்போது வலமிருந்து இடமாகக் குத்திச் சென்று, தாளைத் திருப்பி இடமிருந்து வலமாக வாசிக்க வேண்டும். கண்ணால் படித்தே பழகிய ஒருவர் இதில் தடுமாறுவது இயல்பு. அந்தத் தடுமாற்றத்தை ஓர் அநுபவசாலி ஒரு மாலைப் பொழுதில் தீர்த்துவிடுவார். தனியே விடப்பட்டால் அது ஆண்டுக்கணக்கில் நீடிக்கும்.

எழுத்து மட்டுமா? "இங்கே பார், இதையும் அதையும் கூட்டு" என்று கரும்பலகையைக் காட்டிப் பேசும் பழக்கத்தை விட்டு, எழுதுவதையெல்லாம் வாயால் சொல்லிக்கொண்டே எழுத வேண்டும். பிள்ளையைக் கையில் பிடித்து இழுத்துச் செல்லாமல், அவன் நம் முழங்கையைப் பற்றி அரை அடி பின்னால் வரும்படி நடக்க வேண்டும். தேசப்படத்தின் கரையோரத்தை நூல் ஒட்டி விரலுக்குக் காட்ட வேண்டும். பார்வை குன்றிய பிள்ளைகளில் பலருக்குச் சிறிதளவு பார்வை எஞ்சியிருக்கும். அவர்களை எந்த வெளிச்சத்தில், எந்தப் பக்கத்தில் இருத்துவது, எவ்வளவு பெரிய எழுத்தில் எழுதிக் கொடுப்பது என்று பிள்ளைக்குப் பிள்ளை அறிய வேண்டும். இவற்றைப் பயிற்சிப் புத்தகத்தில் வாசிக்கலாம். வகுப்பில், பிள்ளையின் முன்னால், செய்து காட்டுபவரிடமிருந்தே உண்மையில் கற்கலாம்.

மற்றத் தொழில்களில் எப்படி?

என் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். சட்டக் கல்லூரியில் சோதனை எல்லாம் தேறிய பின்னரும், மூத்த சட்டத்தரணி ஒருவரின் கீழ் ஆறு மாதம் பயில வேண்டும். நான் முதன்முதல் எழுதிய விண்ணப்பத்தில் என் மூத்தவர் சிவப்பு மையால் போட்ட கோடுகள் இன்னும் என் கண்முன் நிற்கின்றன. அந்தக் கோடுகள் இல்லாமல் நான் நீதிமன்றம் ஏறியிருந்தால், இழப்பு எனக்கன்று. என்னை நம்பி வந்த கட்சிக்காரருக்கே.

இங்கிருக்கும் வைத்திய நண்பர்களைக் கேளுங்கள். பட்டம் பெற்றவுடனே அவர்களை நோயாளியோடு தனியே விட்டுவிடவில்லை. ஓராண்டு உள்ளகப் பயிற்சி உண்டு. இரவிலும் கூப்பிட்டுக் கேட்க ஒரு மூத்த வைத்தியர் உண்டு.

கமக்காரப் பெருமக்களே, உங்களுக்கு நான் சொல்லவும் வேண்டுமா? முதன்முதல் வெங்காயம் நடும் இளைஞன், இலை நுனி கருகக் கண்டால் யாரிடம் ஓடுகிறான்? வேலிக்கு அப்பால் நிற்கும் அடுத்த தோட்டத்துக்காரரிடம். அவர் வந்து மண்ணைக் கிள்ளிப் பார்க்கிறார். தண்ணீர் கூடிவிட்டதா, நோய் பிடித்துவிட்டதா என்று சொல்கிறார். அதற்கு அவர் கூலி கேட்பதில்லை. தம் தகப்பனார் காலத்தில் இன்னொருவர் தமக்கு அவ்வாறு சொல்லித் தந்ததை நினைத்துக்கொள்கிறார். பங்குக் கிணற்றிலே முறை வைத்துத் தண்ணீர் இறைத்த சமூகம் நாம். தண்ணீரைப் பங்கிட்டது போலவே அறிவையும் பங்கிட்டு வாழ்ந்தோம்.

வழக்குக்கு மூத்தவர் உண்டு. நோய்க்கு மூத்தவர் உண்டு. வெங்காயத்துக்கும் மூத்தவர் உண்டு. பார்வையற்ற பிள்ளையின் கல்விக்கு மட்டும் ஏன் இல்லை? காரணம் ஒன்று சொல்வேன். ஒரு பாடசாலையில் கணித ஆசிரியர் நால்வர் இருப்பர்; ஒருவர்க்கு ஐயம் என்றால் மற்றவரைக் கேட்பார். விழிப்புலனற்ற பிள்ளைகளுக்குரிய ஆசிரியரோ, சாதாரண பாடசாலையில், பெரும்பாலும் ஒருவரே. அதிபர் நல்லவராக இருந்தாலும் அவருக்குப் பிறெயில் தெரியாது. மேற்பார்வைக்கு வருபவருக்கும் தெரியாதிருக்கலாம். பிழை செய்தாலும் திருத்த ஆளில்லை. நன்றாகச் செய்தாலும் நன்றென்று சொல்ல ஆளில்லை. இந்தத் தனிமையே நல்ல ஆசிரியர்களை மாற்றம் கேட்டு ஓடச் செய்கிறது.

ஆன் சலிவனும் தனித்து நிற்கவில்லை

ஹெலன் கெல்லரின் கதையை நம் பிள்ளைகள் பாடமாகப் படிக்கிறார்கள். கண்ணும் காதும் இழந்த ஆறு வயதுச் சிறுமிக்குக் கற்பிக்க, 1887ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள், ஆன் சலிவன் அலபாமா மாநிலத்திலுள்ள டஸ்கம்பியாவுக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபதே. தாமும் பார்வை குன்றியவர். ஒரு மாதம் கழிந்ததும், நீரேற்றும் குழாயடியில், கையில் நீர் வழிந்தோட, அந்தச் சிறுமி முதன்முதலாகச் சொல்லின் பொருளை உணர்ந்தாள். இதை ஓர் இளம் பெண் தனியே நிகழ்த்திய அற்புதம் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம்.

உண்மை அதைவிடப் பயனுள்ளது. சலிவன், பொஸ்டன் நகரின் பேர்க்கின்ஸ் பாடசாலையில் படித்தவர். கண்ணும் காதும் இழந்த லோறா பிறிட்ஜ்மன் என்ற பெண்ணுக்கு அதே பாடசாலையில் 1837 முதல் கற்பித்தவர் சாமுவேல் ஹவ். அந்த லோறாவுடன் ஒரே விடுதியில் வாழ்ந்து, விரலால் எழுத்துச் சொல்லும் முறையைச் சலிவன் பழகிக்கொண்டார். அலபாமாவுக்குப் புறப்படுமுன் சில மாதங்கள் ஹவ் எழுதிவைத்த குறிப்புகளைப் படித்தார். போன பின்னரும், பேர்க்கின்ஸ் விடுதியில் தம்மைத் தாய்போலப் பார்த்துக்கொண்ட சோபியா ஹொப்கின்ஸ் அம்மையாருக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். இன்று பிள்ளையோடு மல்லுக்கட்டினேன், இன்று தோற்றேன், இன்று ஒரு சிறு வெற்றி கண்டேன் என்று மனத்தைத் திறந்து எழுதினார். அக்கடிதங்கள் 1903இல் வெளிவந்த கெல்லர் அம்மையாரின் சுயசரிதையோடு சேர்த்து அச்சிடப்பட்டன, இன்றும் வாசிக்கலாம்.

முன்னோடியின் குறிப்பு, உடனிருந்து பழக்கிய தோழி, தோல்வியையும் வெட்கமின்றி எழுதி அனுப்ப ஒரு மூத்தவர். இந்த மூன்றும் ஆன் சலிவனுக்கே தேவைப்பட்டன என்றால், நம் கிராமத்துக்கு வரும் இருபத்தைந்து வயது ஆசிரியைக்குத் தேவைப்படாவா?

சட்டம் என்ன சொல்கிறது?

இது கருணைக்குரிய விடயம் மட்டுமன்று. நம் அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையின் நான்காம் பந்தி, பெண்கள், பிள்ளைகள், வலுவிழந்தோர் ஆகியோரின் முன்னேற்றத்துக்கென விசேட ஏற்பாடு செய்வதற்கு வழி திறந்து வைத்திருக்கிறது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வலுவிழந்தவர் என்ற காரணத்தால் ஒருவரைக் கல்வி நிலையத்தில் சேர்ப்பதிலோ, வேலைக்கு எடுப்பதிலோ பாரபட்சம் காட்டக்கூடாதென்று விதிக்கிறது. வலுவிழந்தோரின் உரிமைகள் பற்றி 2006இல் ஐக்கிய நாடுகள் நிறைவேற்றிய சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்புறுதி செய்தது. அதன் 24ஆம் உறுப்புரை, பிறெயில் கற்பதற்கும் நடமாடும் திறன் பெறுவதற்கும் வசதி செய்யவேண்டும் என்கிறது. சகபாடிகளின் ஆதரவையும் வழிகாட்டலையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. வலுவிழந்தவர்கள் உட்பட, பிறெயிலில் தேர்ந்த ஆசிரியர்களை நியமிக்க வேண்டும் என்றும் கூறுகிறது.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து, "அந்த ஆதரவும் வழிகாட்டலும் மாணவருக்கென்று சொல்லப்பட்டவை, ஆசிரியருக்கல்ல" என்று வாதிடலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தான் பெறாத ஒன்றை ஆசிரியர் மாணவனுக்கு எங்கிருந்து கொடுப்பார்? பாடசாலைக் கதவைத் திறந்து பிள்ளையை உள்ளே இருத்திவிட்டு, எழுத்தறியாமல் வெளியே அனுப்பினால், சட்டத்தின் சொல்லைக் காப்பாற்றிப் பொருளைக் கைவிட்டவர்கள் ஆவோம்.

மொழியுரிமை பேசும் நமக்கு இதில் இன்னொரு பொறுப்பும் உண்டு. தமிழிலே படிக்கும் உரிமை கண்ணுள்ள தமிழனுக்கு மட்டும் உரியதா? விரலால் படிக்கும் தமிழும் தமிழே. அதைக் கற்பிப்பவர் தடுமாறும்போது பார்த்திருந்துவிட்டு, மேடையிலே மொழியைப் பற்றி முழங்குவது எனக்கு இனி இயலாது.

செய்ய வேண்டியவை

கல்விப் பகுதியினரிடம் நான் கேட்பவை நான்கு.

முதலாவது, விழிப்புலனற்ற பிள்ளைகளுக்குக் கற்பிக்கச் செல்லும் ஒவ்வொரு புதிய ஆசிரியருக்கும் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு மூத்த ஆசிரியரை வழித்துணையாகப் பெயர் குறித்து ஒதுக்க வேண்டும். அவர் புள்ளி போட வரும் பரிசோதகராக இருக்கக்கூடாது. குறையைச் சொன்னால் தம் பதவியுயர்வு பாதிக்கும் என்று அஞ்சும் எவரும் குறையைச் சொல்லமாட்டார்.

இரண்டாவது, பார்வையற்ற ஆசிரியர்களையும், ஓய்வுபெற்றவர்களையும் இப்பணிக்கு அழைக்க வேண்டும். பிறெயிலைத் தினமும் விரலால் வாசித்து வாழ்பவர்களைவிடச் சிறந்த திருத்துநர் யார்? அவர்களுக்குப் பயணச் செலவும் தக்க வேதனமும் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, மாதத்தில் ஒரு சனிக்கிழமையேனும் வலயத்திலுள்ள இத்தகைய ஆசிரியர் அனைவரும் ஓரிடத்தில் கூட வேண்டும். அந்த நாளைக் கடமை நாளாகக் கணிக்க வேண்டும். 1912இல் மேரி சப்மன் அம்மையார் தொடங்கிய இரத்மலானைப் பாடசாலையின் வழிவந்த அநுபவம் இந்த நாட்டில் இருக்கிறது. கைதடியிலும் சுன்னாகத்திலும் இப்பிள்ளைகளோடு நெடுங்காலம் உழைத்த அநுபவம் நம் மண்ணிலேயே இருக்கிறது. அந்த அநுபவம் மன்னாரிலும் முல்லைத்தீவிலும் தனித்து நிற்கும் இளம் ஆசிரியரைச் சென்றடைய வழி வேண்டும். மற்ற நாள்களில் தொலைபேசி உதவும். ஆனால் குத்திய தாளை விரலால் தடவிப் பார்த்துத் திருத்தும் வேலையைத் தொலைபேசி செய்யாது.

நான்காவது, ஒருவர் மாற்றலாகிப் போகும்போது, வருபவரும் போகிறவரும் சில வாரமாவது ஒரே வகுப்பில் சேர்ந்திருக்க வேண்டும். பிள்ளையைப் பற்றி அறிந்தவை அனைத்தும் எழுத்திலே கைமாற வேண்டும்.

இவையெல்லாம் வரும்வரை நாம் சும்மா இருக்கலாமா? சட்டத்தரணிகளும் வைத்தியர்களும் ஒரு சிறு நிதி சேர்த்தால், மூத்த ஆசிரியர் ஒருவரின் பேருந்துச் செலவும் சாப்பாட்டுச் செலவும் தீர்ந்துவிடும். கண் வைத்தியர்கள் பிள்ளையின் பார்வை எவ்வளவு எஞ்சியிருக்கிறதென்பதை ஆசிரியருக்கு விளங்கும் தமிழில் எழுதிக் கொடுக்கலாம். கமக்காரப் பெருமக்களே, அயலில் இத்தகைய பிள்ளை ஒன்று வீட்டுக்குள்ளேயே இருந்தால் தாய் தகப்பனோடு பேசிப் பாடசாலைக்கு அனுப்புங்கள். ஆசிரியை நெல்லையும் வெங்காயத்தையும் பிள்ளைகளின் கைக்கு அறிமுகப்படுத்த விரும்பினால், உங்கள் தோட்டப் படலையைத் திறந்துவிடுங்கள்.

எனக்கு வந்த விண்ணப்பம்

முடிக்குமுன் அந்தச் சிறுவனின் கதையைச் சொல்லிவிடுகிறேன். விழாவுக்குப் பின்னர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைத் தேடிப் பிடித்தேன். அவரும் பார்வையற்றவர். சனிக்கிழமைதோறும் பேருந்தில் அந்தப் பாடசாலைக்குப் போய் வர இசைந்தார். முதல் நாளே ஆசிரியையின் தாளைத் தடவிப் பார்த்து, "பிள்ளை, மெய்க்குப் பின்னால் புள்ளி வைத்திருக்கிறீர், முன்னால் வையும். மற்றதெல்லாம் சரி" என்றாராம். ஓராண்டு காலம் அஞ்சி நிறுத்திவைத்த வேலை அன்றே தொடங்கியது. சிறுவன் எழுதவும் வாசிக்கவும் பழகினான்.

அதன் பின் ஆசிரியைக்கு இடமாற்றம் வந்தது. புதியவர் வந்தார். மூத்தவர் ஒருவர் இருக்கிறார் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. மூத்தவரையும் யாரும் அழைக்கவில்லை. நானும் வழக்குகளிலும் கூட்டங்களிலும் மூழ்கி அதை மறந்துவிட்டேன். அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

ஒரு நாள் தபாலில் எனக்குத் தடித்த தாள் ஒன்று வந்தது. மை இல்லை, புள்ளிகள் மட்டும். இத்தனை சட்டம் படித்த நான், அந்தத் தாளின் முன் எழுத்தறியாதவனாக நின்றேன். அதைக் கொண்டுபோய் மூத்த ஆசிரியரின் கையில் கொடுத்தேன். அவர் விரலை ஓட்டி வாசித்தார். மேலே சிறுவனின் பெயர். அதன் கீழே இரண்டு வரி: புதிய ரீச்சர் நல்லவர், அவருக்கு எழுத்துத் தெரியாது, சனிக்கிழமை மாஸ்ரரை மறுபடியும் அனுப்பி வையுங்கள்.

சபையோரே, தனக்கென்று அந்தப் பிள்ளை ஒன்றும் கேட்கவில்லை. தன் ஆசிரியருக்காக என்னிடம் விண்ணப்பம் செய்தான். மூத்தவர் மறு சனிக்கிழமையே மீண்டும் போனார். ஆனால் ஒரு முதியவரின் கால்களையும் ஒரு சட்டத்தரணியின் ஞாபகத்தையும் நம்பி ஒரு பிள்ளையின் எழுத்து நிற்கக்கூடாது. அது முறையாக, நிலையாக நடக்க வேண்டும். அதற்கான விண்ணப்பத்தைக் கல்விப் பகுதிக்கு எழுதி இங்கே கொண்டு வந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் இந்த மேசைக்கு வந்து கையொப்பம் இட்டுச் செல்லுங்கள். முதற் கையொப்பத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். அந்த இடத்தில் சிறுவன் தன் பெயரைப் புள்ளியெழுத்தில் குத்தித் தருவான்.